‘ரைட் ஆஃப்’ என்னும் ஆங்கிலச் சொற்றொடர்வினை: பொருண்மையும் தமிழாக்கமும்

1. முன்னுரை

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்வோர்க்கு இடர்ப்பாடு தருவனவற்றுள் சொற்றொடர்வினைகள் குறிப்பிடத்தக்கவை. எளிய வினைச்சொல் ஒன்றும் ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘டவுன்’ போன்ற துகள் ஒன்றும் இணைந்து, உறுப்புகளின் பொருளைக் கூட்டிப் பெறவியலாத புதுப்பொருளை இவை தருகின்றன. இருமொழி அகராதிகள் இவற்றுக்கு நிகரன்கள் பலவற்றை அடுக்கித் தருகின்றன. எந்த நிகரனை எச்சூழலில் ஆளவேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரிடமே விடப்படுகிறது.

இக்கட்டுரை ‘ரைட் ஆஃப்’ என்னும் ஒரு சொற்றொடர்வினையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் இலக்கண இயல்பையும் பொருள்வகைகளையும் விளக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய தமிழ் வடிவத்தை ஆராய்கிறது. வங்கி, வரி, காப்பீடு, நாடாளுமன்றம் ஆகிய துறைகளின் ஆவணங்களில் இவ்வினை இன்றியமையாதது. இதனைத் தவறாகப் பெயர்த்தால், ஒருவர் தம் கடன் நிற்கிறதா தீர்ந்ததா என்பதையே தவறாக உணர நேரும். எனவே இது நடையழகு பற்றிய சிக்கல் மட்டுமன்று.

2. இலக்கண இயல்பு

2.1 ‘ரைட் ஆஃப்’ செயப்படுபொருள் குன்றா வினை, பிரிநிலை வினை. செயப்படுபொருள் துகளுக்குப் பின்னும் வரலாம், வினைக்கும் துகளுக்கும் இடையிலும் வரலாம்.

(1) த பேங்க் ரோட் ஆஃப் த லோன்.
(2) த பேங்க் ரோட் த லோன் ஆஃப்.

செயப்படுபொருள் மாற்றுப்பெயராயின் இடையில் மட்டுமே வரும்.

(3) த பேங்க் ரோட் இட் ஆஃப்.
(4) *த பேங்க் ரோட் ஆஃப் இட்.

நான்காவது தொடர் ஆங்கிலத்தில் வழுவாகும். ‘ஆஃப்’ என்பது இங்கு முன்னிடைச்சொல் அன்று, வினையோடு ஒன்றிய துகள் என்பதற்கு இதுவே சான்று.

2.2 ‘ரைட் ஆஃப் ஃபார்’, ‘ரைட் ஆஃப் டு’ என்னும் வடிவங்கள் வேறு. விலைப்பட்டியலோ விண்ணப்பப் படிவமோ கேட்டுத் தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு அஞ்சல் எழுதுதலை இவை குறிக்கும். இங்கு வினை செயப்படுபொருள் குன்றியது. (2)இல் உள்ளவாறு பிரிந்து வருவதில்லை. ‘ஆஃப்’ தொலைவுப் பொருளைத் தருகிறது. ‘எழுதிக் கேள்’, ‘எழுதி வரவழை’ என்பன இதற்குப் பொருந்தும்.

2.3 பெயராகும்போது அழுத்தம் இடம் மாறுகிறது. வினையில் துகள் அழுத்தம் பெறுகிறது. பெயரில் ‘ரைட்’ என்னும் முதற்பகுதி அழுத்தம் பெறுகிறது. பெயர்வடிவம் பொதுவாக இணைப்புக்கோட்டுடன் எழுதப்படும். செயலையும் (கடன் நீக்கம்) செயலுக்கு இலக்கான பொருளையும் (பழுதுபார்க்க இயலாத வண்டி) ஒருங்கே குறிக்க அது வல்லது.

3. துகளின் பொருள்

‘ஆஃப்’ என்பதன் அடிப்படைப் பொருள் ஒரு பரப்பிலிருந்து விலகுதல் அல்லது பிரிதல். அதிலிருந்து ‘பட்டியலிலிருந்து நீங்குதல்’ என்னும் பொருளும், ‘முடிவுறுதல்’ என்னும் பொருளும் கிளைத்துள்ளன. ‘ஸ்ட்ரைக் ஆஃப்’, ‘கிராஸ் ஆஃப்’ ஆகியவற்றில் பட்டியல் நீக்கம் தெளிவாகத் தெரியும்.

இவ்விடத்தில் ‘பே ஆஃப்’ என்னும் வினையோடு ஒப்பிடுதல் பயன்தரும். இரண்டிலும் கடன் செயப்படுபொருளாக வரலாம்; இரண்டிலும் துகள் ஒன்றே. ஆயின் ‘பே ஆஃப்’ என்பதன் எழுவாய் கடன் பட்டவர். செயல் பணம் செலுத்துதல். செலுத்தியதும் கடனே இல்லாதொழிகிறது. ‘ரைட் ஆஃப்’ என்பதன் எழுவாய் கணக்கு வைத்திருப்பவர், செயல் எழுதுதல். எழுத்தால் நேரடியாக நீக்கத்தக்கது ஏட்டிலுள்ள பதிவே. பதிவு நீங்கியதால் கடனும் நீங்கியதா என்பதைத் துகள் சொல்வதில்லை; சூழலே சொல்லவேண்டும். இவ்வினையின் பொருள்மயக்கத்துக்கு வேர் இதுவே.

4. பொருள்வகைகள்

இன்றைய ஆங்கில வழக்கில் இச்சொற்றொடர்வினைக்கு ஐந்து பொருள்களை வேறுபடுத்தலாம்.

அ. கணக்கேட்டில் சொத்தாகக் காட்டப்பட்ட தொகையை இழப்பாக மாற்றி எழுதி, சொத்துப் பக்கத்திலிருந்து நீக்குதல். வாராக்கடன், கெட்டுப்போன சரக்கு ஆகியன இதற்கு இலக்காகும்.

ஆ. கடன் கொடுத்தவர் தம் உரிமையைக் கைவிட்டுக் கடனாளியை விடுவித்தல். ஏழை நாடுகளின் வெளிநாட்டுக் கடனைப் பற்றிய எழுத்துகளில் இப்பொருள் மிகுதி.

இ. செலவையோ தேய்மானத்தையோ வருமானத்திலிருந்து கழித்துக் காட்டுதல். அமெரிக்கப் பேச்சு வழக்கில் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்தலை இது பெரிதும் குறிக்கும்.

ஈ. விபத்துக்குள்ளான வண்டியை இனிப் பழுதுபார்த்துப் பயனில்லை எனத் தீர்மானித்தல். அவ்வாறு ஆகும்படி வண்டியைச் சிதைத்தல். இது பிரித்தானிய வழக்கு.

உ. ஒருவரையோ ஒன்றையோ தேறாதது எனக் கருதி ஒதுக்குதல். பெரும்பாலும் ‘ஆஸ்’ என்னும் சொல் தொடர, என்னவென்று கருதி ஒதுக்கப்பட்டது என்பது கூறப்படும்.

‘இனி இதிலிருந்து எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை’ என்னும் மதிப்பீடு இவற்றுள் பெரும்பாலானவற்றில் இழையோடுகிறது. ஆனால் (அ)வில் இல்லாத ஒரு பொருட்கூறு (ஆ)வில் உண்டு. அது உரிமை துறப்பு. தமிழாக்கத்தில் மிகுதியும் தொலைந்துபோவது இவ்வேறுபாடே.

5. ‘தள்ளுபடி’ என்னும் நிகரன்

தமிழ் இதழ்களில் ‘ரைட் ஆஃப்’ என்பதற்குப் பெருவழக்காக ஆளப்படும் சொல் ‘தள்ளுபடி’. இச்சொல் முன்னரே பல பொருள்களைச் சுமந்துகொண்டிருக்கிறது. துணிக்கடையில் ஆடித் தள்ளுபடி என்பது விலைக் குறைப்பு. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி என்பது ஏற்க மறுத்தல். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தள்ளுபடி என்பது கடனாளியை விடுவித்தல். நில வருவாய்த் துறையில் தீர்வையைக் குறைத்தோ நீக்கியோ விடுவதற்கு முன்னர் ‘வஜா’ என்னும் சொல் இருந்தது. அவ்விடத்தையும் இன்று தள்ளுபடியே பெரும்பாலும் நிரப்புகிறது.

பணம் பற்றிய சூழலில் தள்ளுபடி என்பது கொடுக்கவேண்டியவருக்குக் கிடைக்கும் நன்மையைக் குறிக்கிறது. ‘விவசாயிகளுக்குக் கடன் தள்ளுபடி’ என நான்காம் வேற்றுமை ஏற்று நன்மை பெறுவோர் வெளிப்படுவது இதற்குச் சான்று. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16.43 இலட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, அச்சொல்லைக் கேட்ட எவரும் கடன் பின்னர் வசூலிக்கப்படும் எனக் கருதியிரார். அங்குச் சொல்லும் பொருளும் பொருந்தின.

2008ஆம் ஆண்டின் மைய அரசு வேளாண் கடன் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ‘வெய்வர்’, ‘ரிலீஃப்’ என்னும் இரு சொற்கள் இடம்பெற்றன. சிறு, குறு விவசாயிகளின் தகுதியுள்ள கடன் முழுவதும் விடப்பட்டது. ஏனையோர் 75 விழுக்காட்டைச் செலுத்தினால் எஞ்சிய 25 விழுக்காடு விடப்பட்டது. முன்னதும் தள்ளுபடி, பின்னதும் தள்ளுபடி என எழுதினால் வேறுபாடு மங்கும். எனினும் இரண்டிலும் கடனாளி நன்மை பெறுவதால் பெரும்பிழை நேராது. ‘ரைட் ஆஃப்’ என்பதன் (அ) பொருளுக்கும் அதே சொல்லை ஆளும்போதுதான் பொருள் தலைகீழாகிறது.

6. ஏட்டுநீக்கமும் கடன்நீக்கமும்

6.1 வங்கி நடைமுறை

இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறையில் ‘டெக்னிக்கல் ரைட் ஆஃப்’ என்பதற்கு வரையறை தந்துள்ளது. கடனாளியின் கணக்கில் கடன் நிலுவையாகவே நிற்கும். கணக்கியல் நோக்கத்துக்காக மட்டும் நிறுவனம் அதனை முழுதுமாகவோ பகுதியாகவோ நீக்கும். கடனாளியின் மீதுள்ள உரிமைக்கோரிக்கை எதுவும் விடப்படாது. வசூலுக்கும் அதனால் ஊறு நேராது என்பது அதன் சாரம். ரிசர்வ் வங்கியின் முந்தைய விதிமுறைகளும், கிளையின் ஏட்டில் கடன் நிலுவையாக நிற்கத் தலைமை அலுவலக அளவில் நீக்க இடமளித்திருந்தன. ஆகவே இங்கு ஏடு இரண்டு. ஓர் ஏட்டில் நீங்கியது மற்றோர் ஏட்டில் நிற்கிறது.

2020 ஏப்ரலில், கடனை வேண்டுமென்றே செலுத்தாதோர் 50 பேர் தொடர்பாக, 2019 செப்டம்பர் 30 வரையிலான 68,607 கோடி ரூபாய் இவ்வாறு நீக்கப்பட்ட விவரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி வெளிவந்தது. அதனையொட்டி எழுந்த அரசியல் விவாதத்தின் மையமே ‘ரைட் ஆஃப்’, ‘வெய்வ்’ ஆகிய இரு வினைகளின் வேறுபாடாக அமைந்தது. ஏட்டிலிருந்து நீக்குதல் கடனை விட்டுவிடுதல் ஆகாது என நிதியமைச்சர் விளக்கமளித்தார். ஆங்கிலத்தில் வினைகள் இரண்டு இருந்தமையால் இவ்விளக்கத்தைச் சொல்லவும் மறுக்கவும் இயன்றது. இரண்டையும் ‘தள்ளுபடி’ என்றே பெயர்த்தால், ‘தள்ளுபடி செய்தது தள்ளுபடி ஆகாது’ என்னும் பொருளற்ற தொடரே எஞ்சும்.

இவ்வேறுபாடு அரசியல் வினாவுக்கு விடை தந்துவிடுகிறது என்று கொள்ளுதலும் ஆகாது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விவரப்படி, அதற்கு முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கிய தொகை சுமார் 10.09 இலட்சம் கோடி ரூபாய். அதே காலத்தில் அவ்வாறு நீக்கப்பட்ட கணக்குகளிலிருந்து வசூலானது சுமார் 1.32 இலட்சம் கோடி ரூபாய். உரிமை நிற்கிறது என்பது ஒன்று; பணம் வருகிறது என்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பாளரின் கடமை எத்தரப்புக்கும் துணைநிற்பதன்று. இரு தரப்பும் எதைப்பற்றி வழக்காடுகின்றன என்பது தமிழில் விளங்கச் செய்வதே.

6.2 நீதிமன்றத் தீர்ப்புகள்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்குகளில் ‘ரிட்டன் ஆஃப்’ செய்யப்பட்ட வாராக்கடனை வருமானத்திலிருந்து கழிக்க இடமளித்தது. டி.ஆர்.எஃப். நிறுவன வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம், 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், கடன் உண்மையிலேயே வசூலாகாது என மெய்ப்பிக்கத் தேவையில்லை. வசூலாகாதது எனக் கணக்கில் எழுதி நீக்கியிருந்தால் போதும் எனத் தீர்ப்பளித்தது. எழுதுதலே இங்குச் செயலாகிறது.

அதே ஆண்டில் விஜயா வங்கி வழக்கில், கடனாளிகளின் தனித்தனிக் கணக்குகளை மூடினால்தான் இச்செயல் நிறைவுறுமா என்னும் வினா எழுந்தது. அவ்வாறு மூடினால், வசூல் வழக்குகளில் கடனாளிகள் அதனையே காட்டித் தாம் செலுத்த வேண்டியது ஏதுமில்லை என வாதிடுவர் என்பது வங்கியின் அச்சம். இருப்புநிலைக் குறிப்பில் உரிய தொகை கடன்களிலிருந்து கழிக்கப்பட்டிருத்தலே போதுமானது என நீதிமன்றம் கொண்டது. பொருள்வகை (அ)வும் (ஆ)வும் ஒன்றாகக் கருதப்பட்டால் விளையும் இடர் ஆங்கிலத்திலேயே உணரப்பட்டிருந்தது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

7. ‘போக்கெழுது’ என்னும் சொல்லாக்கம்

தமிழில் இவ்வேறுபாட்டுக்குச் சொல் இல்லை என்பது உண்மையன்று. தமிழ்வழிக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் ‘போக்கெழுதுதல்’ என்னும் சொல்லை நெடுங்காலமாக ஆண்டுவருகின்றன. ‘வாராக்கடன் போக்கெழுதப்பட்டது’ என்னும் தொடர் மேல்நிலைப்பள்ளி வணிகவியல் மாணவர்க்குப் பழக்கமானதே. இலங்கைத் தமிழ்க் கணக்கியல் வழக்கில் ‘அறவிட முடியாக் கடன்’, ‘பதிவழித்தல்’ என்பன வழங்குகின்றன.

போ என்னும் வேர் போக்கு என விரிந்து, எழுது என்னும் வினையோடு சேர்ந்து, ‘போனதாக எழுது’ என்னும் பொருளில் கூட்டுவினையாகிறது. செயல் எழுத்தோடு நின்றுவிடுவதை இச்சொல் தெளிவாகக் காட்டுகிறது. கடனாளிக்கு நன்மை என்னும் பொருட்கூறு இதில் இல்லை. ‘அவருக்குப் போக்கெழுதினார்’ என நான்காம் வேற்றுமையோடு இது வாராமை நோக்கத்தக்கது.

இரு சொற்களின் வேறுபாட்டைப் பின்வரும் தொடர்களால் சோதிக்கலாம்.

(5) வங்கி அக்கடனைப் போக்கெழுதியது. பின்னர் அதில் ஒரு பகுதியை வசூலித்தது.
(6) ?வங்கி அக்கடனைத் தள்ளுபடி செய்தது. பின்னர் அதில் ஒரு பகுதியை வசூலித்தது.

ஐந்தாம் தொடரில் முரண் இல்லை. ஆறாம் தொடரைக் கேட்பவர் வங்கி வாக்குத் தவறியது என்றே கொள்வார். வசூல் என்னும் செய்தி பின்தொடர்ந்தாலும் இயல்பு கெடாதிருந்தால் மூலத்திலுள்ளது (அ) பொருள். முரண் தோன்றினால் (ஆ) பொருள் எனக் கொள்ளலாம்.

சொல்லுக்குச் சொல் பெயர்க்க முனைவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் துகள் செய்யும் பணியைத் தமிழில் பெரும்பாலும் வினையெச்சத்தை அடுத்துவரும் துணைவினை செய்கிறது. அதனால் ‘எழுதித் தள்ளு’ என்பது ‘ரைட் ஆஃப்’ என்பதற்கு அமைப்பில் நெருங்கியதாகத் தோன்றும். ஆனால் தமிழில் அதன் பொருள் ஓயாது மிகுதியாக எழுதுதல். ‘நாவலாக எழுதித் தள்ளுகிறார்’ என்பதில் நீக்கப் பொருள் சிறிதும் இல்லை. ‘கழித்துக்கட்டு’ என்பதில் நீக்கம் உண்டு. ஆயின் இகழ்ச்சிக் குறிப்பும் உடன்வருவதால் அலுவல் நடைக்கு ஏலாது.

பேச்சுத் தமிழில் ‘காந்திக் கணக்கில் எழுது’ என்னும் மரபுத்தொடர் திரும்ப வாராத பணத்தைக் குறிக்கும். எழுதுதலும் நம்பிக்கையிழப்பும் ஒருங்கே அமைந்த இத்தொடர் புனைகதை உரையாடல்களுக்குப் பொருந்தும். அதில் எள்ளல் இருப்பதால் அறிக்கைகளில் ஆளவியலாது.

8. ஏனைய பொருள்களுக்கான நிகரன்கள்

8.1 தேய்மானம், முன்செலவு ஆகியவற்றில் ‘போக்கெழுது’ என்பதே பொருந்தும். வரிச்சூழலில் ‘வருமானத்திலிருந்து கழித்துக் காட்டு’ என விரித்தெழுதுதல் நன்று. இங்கு ‘வரித் தள்ளுபடி’ என எழுதினால், கழிவது வருமானமா வரியா என்பது மயங்கும். இதனோடு தொடர்புடைய ‘ரைட் டவுன்’ என்பது மதிப்பை முழுதும் நீக்காமல் குறைத்தெழுதுவதாகும். அதன் எச்சவடிவம் இடம்பெறும் தேய்மான முறையைப் பாடநூல்கள் ‘குறைந்துசெல் மதிப்பு முறை’ என்று பெயர்த்துள்ளன. துகளின் வடிவத்தைப் பின்பற்றாமல் கருத்தைப் பின்பற்றியமையால் அச்சொல் நிலைத்தது.

8.2 வண்டிக் காப்பீட்டில் ‘முழு இழப்பு’ என்பது பொருத்தமானது. இந்திய வண்டிக் காப்பீட்டு ஒப்பந்தங்களில், மீட்கவும் பழுதுபார்க்கவும் ஆகும் செலவு காப்பீட்டுக்கென அறிவிக்கப்பட்ட மதிப்பில் 75 விழுக்காட்டை விஞ்சினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படுகிறது. ஆகவே இது கண்ணால் பார்த்துச் சொல்லும் சிதைவு மட்டுமன்று, கணக்கிட்டு முடிவு செய்வதும் ஆகும். கதைகளில் ‘வண்டி இனி எதற்கும் ஆகாது’ என எழுதலாம்.

8.3 மனிதரைக் குறிக்கையில் ‘இவர் தேறமாட்டார் என முடிவு கட்டு’, ‘ஒதுக்கித் தள்ளு’ என்பன பொதுநிலையில் பொருந்தும். பெற்றோர் பிள்ளையை இனித் திருந்தான் என விட்டுவிட்ட நிலைக்குத் ‘தண்ணீர் தெளித்து விடு’ என்னும் தொடர் உண்டு. ‘கைகழுவு’ என்பதில் பொறுப்பைத் துறத்தல் மேலோங்கும். ‘தலைமுழுகு’ என்பதில் உறவை அறுத்தல் மேலோங்கும். மதிப்பீட்டை முதன்மையாகக் கொண்ட ‘ரைட் ஆஃப்’ என்பதற்கு இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தே ஆளவேண்டும். தேர்தலில் ஒரு கட்சியைப் பிறர் இவ்வாறு கருதினர் என வருமிடத்தில் ‘கணக்கில் கொள்ளாமல் விட்டனர்’ என்பது இயல்பாக அமையும்.

9. சூழலறியும் குறிப்புகள்

(அ), (ஆ) ஆகிய இரு பொருள்களையும் பிரித்தறிய உடன்வரும் சொற்கள் துணைபுரியும். வாராக்கடன், ஒதுக்கீடு, இருப்புநிலைக் குறிப்பு, ‘டெக்னிக்கல்’ ஆகியன சூழ வருமாயின் ‘போக்கெழுது’ என்பது உரியது. நிவாரணம், ஏழை நாடுகள், விவசாயிகள், மன்னித்தல் ஆகியன சூழ வருமாயின் ‘தள்ளுபடி’ உரியதாகலாம். அறிவிப்பவர் கணக்காளரா, நன்மை வழங்கும் அரசா என்பதும் நோக்கத்தக்கது.

‘போக்கெழுது’ என்பது பொதுவாசகர்க்கு விளங்காது எனத் தடை எழுப்பலாம். முதன்முறை வருமிடத்தில் ‘வசூல் உரிமையை விடாமல் கணக்கேட்டிலிருந்து மட்டும் நீக்குதல்’ என விளக்கம் தந்து, அடுத்து வருமிடங்களில் சொல்லை மட்டும் ஆளலாம். இடமற்ற செய்தித் தலைப்புகளில் ‘ஏட்டிலிருந்து நீக்கம்’ என்பதை ஆளலாம். ‘வாராக்கடன்’ என்னும் சொல்லும் ஒரு காலத்தில் கணக்காளர் வட்டத்துக்குள் நின்றதே. இதழ்கள் தொடர்ந்து ஆண்டமையால் இன்று அனைவர்க்கும் விளங்குகிறது.

10. முடிவுரை

‘ரைட் ஆஃப்’ என்பதன் துகள் நீக்கத்தைக் குறிக்கிறது. நீங்குவது பதிவா உரிமையா என்பதைக் குறிப்பதில்லை. இம்மயக்கத்தைச் சூழல் கொண்டு தீர்த்தபின் ஏட்டுநீக்கத்துக்குப் ‘போக்கெழுது’ என்பதையும், உரிமை துறப்புக்குத் ‘தள்ளுபடி செய்’ என்பதையும் வரையறுத்து ஆளுதல் நலம்.

கடன் வரலாற்று அறிக்கையில் ஒருவர் பெயருக்கு எதிரே ‘ரிட்டன் ஆஃப்’ எனக் குறிக்கப்பட்டிருந்தால், அது கடன் செலுத்தப்படாமல் நிற்கிறது என்பதற்கான குறிப்பு. புதுக்கடன் பெறுவதற்கும் அது தடையாகலாம். அதனைத் ‘தள்ளுபடி செய்யப்பட்டது’ எனப் பெயர்த்துத் தந்தால், படிப்பவர் தம் சுமை இறங்கிவிட்டதாகக் கருதி அமைந்துவிடுவார். வசூல் அறிவிப்பு வரும்போதுதான் உண்மை தெரியும். வங்கிப் படிவங்களும் ஒப்பந்தங்களும் தமிழில் பெயர்க்கப்பட்டு வரும் நிலையில், பாடநூலில் ஏற்கெனவே உள்ள சொல்லை அலுவலகத்துக்கும் இதழுக்கும் கொண்டுசெல்வது மொழிபெயர்ப்பாளர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.